நான்காம் நாள்: ஓய்வு

டவுன்ஹால் ரோட்டில் மாடியேறினால்
மூன்றாவது மேசை என்னுடையது.
தீவுகளை நாள் நாளாக நறுக்கி
தாளில் தட்டித் தருவது வேலை.
நான் போன தீவு ராமேஸ்வரம் மட்டும்,
அதுவும் ஒரு சாவு வீட்டுக்கு.

சிம்மக்கல் ஒச்சம்மாள் மெஸ்ஸின் மகன்
துபாயிலிருந்து பணம் கட்டியிருந்தான்.
பாலி, எட்டு நாள், இரண்டு பேர்,
தனியாகக் குளம் வைத்த வில்லா.
‘அவசரமே இருக்கக் கூடாது மேடம்,
அவங்க ஓடினது போதும்.’
அதனால் நான்காம் நாளுக்கு நேரே
ஒரே ஒரு சொல் தட்டினேன்.

முதல் நாள் அலைபேசியில் அக்கா:
‘ரெசினா, இங்க குரங்கு
அச்சு அசல் அழகர்கோயில் குரங்கு.
எங்க வீட்டுக்காரர் கண்ணாடி போயிருச்சு.’
என் பெயர் ரெஜினா. திருத்துவதில்லை.

இரண்டாம் நாள்:
‘வாசலுக்கு வாசல், நடைபாதையில
குருத்தோலைத் தட்டுல பூவும் சோறும் வச்சிருக்காக.
சாமிக்காம். மிதிச்சுருவோமோன்னு
ரெண்டு பேரும் நொண்டியடிச்சே போறோம்.’

மூன்றாம் நாள், குரலை இறக்கி:
‘தொட்டி நெறையப் பூவைக் கொட்டி
அதுல குளிக்கச் சொல்றாளுக.
பூவுல காலை வைப்பாகளா?
மாட்டுத்தாவணியில இன்னைக்கு மல்லி என்ன வெல?’
விசாரித்து, ஆயிரத்து நானூறு என்றேன்.
‘அம்புட்டையும் அள்ளித் துண்டுல கட்டி வச்சுட்டு
வெறுந்தண்ணியில குளிச்சேன்.’

நான்காம் நாள். அங்கே இரண்டரை,
இங்கே உச்சி வெயில்.
‘தாள்ல இன்னைக்கு ஒண்ணும் எழுதலையே?’
எழுதியிருக்கேனே அக்கா, ஓய்வு.
‘அதான் கேக்குறேன். அதுக்கு எங்க போகணும்?
வண்டி எத்தனை மணிக்கு?’

வண்டி வராது என்றேன்.
மறுமுனையில் கடலோ மின்விசிறியோ
ஏதோ இரைந்தது.
‘இந்நேரம் மூணு பந்தி ஓடியிருக்கும்.
கை என்னமோ பண்ணுது.
உக்காந்தா யாரோ கொழம்பு கேக்குற மாதிரியே இருக்கு.
அவரு தூங்குறாரு.
மூச்சு வருதான்னு ரெண்டு தரம் பாத்தேன்.’

சும்மா இருங்க என்று சொல்ல வாயெடுத்தேன்.
எப்படி என்று கேட்டுவிட்டால்?
பதினோரு வருடமாக
எத்தனை தாளில் தட்டியிருப்பேன் அந்தச் சொல்லை.
‘குளத்துல காலை விட்டு உக்காருங்க.’
‘எம்புட்டு நேரம்?’
‘கால் சுருங்குற வரைக்கும்.’

அன்று சாயங்காலம் தெப்பக்குளத்தில் இறங்கினேன்.
தினமும் பஸ் ஜன்னலில்
மைய மண்டபத்தின் உச்சி மட்டும் ஓடும் இடம்.
படகுக்காரப் பையன் சுற்றிக்கொண்டு போனான்.
நாலு பக்கமும் தண்ணீர்,
நடுவில் மரமும் கல்லும் கிளிகளும்.
தீவுதான்.
அலைபேசியில் மணி பார்த்தேன்.
பிறகும் பார்த்தேன்.
‘அவசரமாக்கா?’ என்றான்.
இல்லையென்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஐந்தாம் நாள் அழைப்பு இல்லை.
ஆறாம் நாளும்.
ஏழாம் நாள் பயந்து நானே அடித்தேன்.
எடுத்தது சின்னக்காளை அண்ணன், கிசுகிசுப்பாக:
‘அவ கால் தண்ணிக்குள்ள இருக்கும்மா,
அப்புறம் பேசு.’

அவர்கள் திரும்பிப் பத்து நாள் இருக்கும்.
மூன்றரை மணி, நல்ல பசி.
சிம்மக்கல்லில் மெஸ் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
அடியில் ஒரு நீல பக்கெட்,
அதற்குள் இரண்டு பாதம்.
குனிந்து, ‘அக்கா, சாப்பாடு இருக்கா?’ என்றேன்.

‘தாளைப் பாரு.’

நிமிர்ந்தேன். எங்கள் ஆபீஸ் தாள்.
நான்காம் நாள் வரியை மட்டும் கத்தரித்து
சோற்றுப் பருக்கையால்
ஒட்டியிருந்தார்.